தொழிற்காப்புக் கல்வியும் காட்சிக்கலையும்
படுவான்கரையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குதல் அப்பகுதி மக்களின் நெடுநாள் வழக்கு. ஞாயிறு எழும் பக்கம் கடலும் நகரும். ஞாயிறு படும் பக்கம் வயலும் குளமும் காடும். வலையிறவுப் பாலத்தைக் கடந்து படுவான்கரையிற் கால் வைப்போர் அடையும் ஊர் வவுணதீவு. மண்முனை மேற்குப் பிரதேச செயலகம் இங்கேயே அமைந்துள்ளது. கன்னன்குடா, ஈச்சந்தீவு, விளாவட்டவான், ஆயித்தியமலை, உன்னிச்சை முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட இப்பிரதேசத்தின் உயிர்நாடி நெற்செய்கையாகும். வேளாண்மை என்னும் பொதுச்சொல் இவ்வூரார் வாயில் வயலில் நிற்கும் நெற்பயிரையே குறிக்குமெனின், அத்தொழிலுக்கும் அவர்தம் வாழ்வுக்குமுள்ள நெருக்கம் வேறு சான்று வேண்டாது விளங்கும்.

தொழில் உள்ள இடத்தில் ஆபத்தும் உண்டு. ஆபத்தைத் தவிர்க்கும் வழியைத் தொழிலாளருக்குக் கற்பிக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் உலகெங்கும் நடைபெற்று வந்துள்ளது. அம்முயற்சிக்குப் பெரிதும் துணைக் கொள்ளப்பட்ட கருவி திரைப்படமாகும். பின்னர் ஒளிநாடாவும், இன்று கைத்தொலைபேசியிற் காணும் காணொளியும் அதன் இடத்தைப் பெற்றுள்ளன. ஆயினும் இப்படங்களைப் பற்றி எழுந்த குறை இன்றும் மாறவில்லை. பார்ப்போர் உறங்குகின்றனர், பார்த்து முடித்தபின் வருகை இடாப்பிற் கையொப்பமிட்டு, முன்பு செய்தவாறே தொழில் செய்கின்றனர். இக்குறைக்குக் காரணம் யாது? பார்வையாளரின் அறியாமையா, படத்தின் குறைபாடா, இரண்டுக்கும் அப்பாற்பட்ட வேறொன்றா? தொழிற்காப்புப் படங்களின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, படுவான்கரையின் அனுபவத்தை அதனுடன் இணைத்து இவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகின்றது.

சட்டமும் வயலும்

இலங்கையில் தொழில் விபத்துத் தொடர்பான சட்டங்கள் இருவகையாக வளர்ந்தன. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்து நிகழ்ந்தபின் ஈடு செய்தலைப் பற்றியது. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் விபத்து நிகழாமற் காத்தலைப் பற்றியது. இயந்திரங்களுக்குக் காப்பு அமைத்தல், தீயினின்று தப்புதற்கு வழி விடுதல், விபத்துகளை அறிவித்தல் என்பன இரண்டாவது சட்டத்தின்பாற் பட்டவை. எனினும் அதன் பெயர் உணர்த்துமாறு அது தொழிற்சாலையை மனத்திற் கொண்டு எழுந்தது. வாழைச்சேனைக் கடதாசி ஆலைத் தொழிலாளிக்கு அச்சட்டத்தின் நிழல் கிட்டியது. உன்னிச்சைக் குளத்து நீரில் விளையும் வயலிற் கூலிக்கு இறங்கியவனுக்கு அது கிட்டவில்லை.

வயல் தொழிற்சாலையன்று என்பது சட்டத்தின் கூற்று; வயல் தொழிலிடமன்று என்று எவருங் கூறல் இயலாது. சேற்று நீரில் வெறுங்காலுடன் நிற்போரை எலிக்காய்ச்சல் பற்றுகின்றது. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் அந்நோய் பரவியபோது ஐயத்துக்குரிய நோயாளர் 7,000 க்கு மேற்பட்டனர். வரப்பிற் பாம்பு, காவற் பரணைச் சுற்றி யானை, உழவு இயந்திரம், சூடடிக்கும் பொறி, முதுகிற் சுமக்கும் தெளிகருவி என ஆபத்துகள் பல. 2009 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே தொழிற் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம் தோற்றம் பெற்றது. சட்டம் வயலை நெருங்கிய வேகம் இத்தகையது. சட்டம் எட்டாத இடத்திற் கல்வியே காவலாக வேண்டியிருந்தது. அக்கல்வி எவ்வாறு அளிக்கப்பட்டது என்பது அடுத்து நோக்கற்பாலது.

யார் குற்றவாளி?

1911 மார்ச் 25 ஆம் நாள் நியூயோர்க் நகரின் திரயாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் மூண்ட தீயில் 146 தொழிலாளர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் குடிபெயர்ந்து வந்த இளம்பெண்கள். வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தமை பலரது சாவுக்குக் காரணமாயிற்று. அடுத்த ஆண்டு, எடிசன் நிறுவனம் ஐக்கிய அமெரிக்க உற்பத்தியாளர் தேசிய சங்கத்துடன் சேர்ந்து ‘கவனயீனம் என்னும் குற்றம்’ எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு மௌனப் படத்தைத் தயாரித்தது. ஆலையிற் புகைபிடித்த தொழிலாளி ஒருவனால் தீ மூளுகின்றது. அவன் மணக்கவிருந்த பெண்ணும் அத்தீயிற் சிக்கிக் காயமுறுகின்றாள். வெளியேறும் வழியைச் சீர்செய்யாத முதலாளியின் தவறும் படத்திற் காட்டப்படுகின்றது. எனினும் தலைப்புச் சுட்டும் குற்றம் தொழிலாளியின் குற்றமே.

காதலும் தீயும் மீட்பும் நிறைந்த அப்படத்திற் சுவைக்குக் குறைவில்லை. தொழிற்காப்புப் படம் சுவையாக இருத்தல் வேண்டும் என்பதை அதன் ஆக்கியோர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர் என்பதற்கு அது சான்று. ஆனால் சுவை எதற்குப் பயன்பட்டது என்பதே வினா. பூட்டிய கதவினாற் பலர் மாண்ட நிகழ்ச்சியின் நினைவு ஆறுமுன், தீக்குச்சியை எறிந்தவன் மீது பார்வை திருப்பப்பட்டது. பாதுகாப்புப் படத்துக்குப் பணம் கொடுப்பவர் எவரோ அவர் தம்மைக் குற்றவாளியாகக் காட்டும் படத்தை விரும்பார். தொழிலாளர் இவ்வகைப் படங்களைக் கண்டு முகந்திருப்பிக் கொள்வதற்குரிய முதற்காரணம் இப்பிறப்பு இரகசியத்திலேயே அடங்கியுள்ளது எனலாம்.

இலங்கையின் தொடக்ககால அனுபவமும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. 1916 இல் றொக்பெல்லர் நிதியத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் குருதியை உறிஞ்சி அவர்களைச் சோகையுறச் செய்த அப்புழு வெறுங்காலின் வழியே மண்ணிலிருந்து உடலுட் புகுவது. ஆதலின் அந்நோயைத் தொழில்வழி நோய் என்றே கொள்ளலாம். தொழிலாளருக்கு மருந்து கொடுக்கப்பட்டது. நோய் பரவும் வகை விளக்கப்பட்டது. 1920 இல் அப்பிரிவு கொழுக்கிப்புழு பற்றிய திரைப்படமொன்றையும் தயாரித்துப் பல நாடுகளிற் காட்டியது. உருப்பெருக்கியின் வழியே கண்ட புழுவைத் திரையில் நெளியக் காட்டிய அப்படம் கண்டோரை வியப்பில் ஆழ்த்தியது. ஆயின் தோட்டங்களில் மலசலகூடங்கள் போதியளவு கட்டப்படவில்லை. அச்செலவை ஏற்கத் துரைமார் பலர் பின்னின்றனர். மருந்துண்டு குணமடைந்தவர் மீண்டும் அதே மண்ணில் நடந்து அதே நோய்க்கு ஆளாயினர். மலசலகூடத்தைப் பயன்படுத்துமாறு கற்பிக்கும் கல்வி, மலசலகூடம் இல்லாத இடத்தில் யாது பயன் தரும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி இத்தகைய கல்விக்கு மிகப் பொருந்தும்.

கோழியைக் கண்டோர்

திரைப்படத்தின் வழியாகக் குடியேற்ற நாட்டு மக்களுக்கு அறிவு புகட்டும் முயற்சியைப் பிரித்தானியர் 1939 இல் குடியேற்ற நாட்டுத் திரைப்படப் பிரிவு என்னும் அமைப்பின் மூலம் ஒழுங்குபடுத்தினர். நைஜீரியாவிற் சுகாதாரப் பணி புரிந்த வில்லியம் செல்லர்ஸ் அதனை வழிநடத்தினார். ஆபிரிக்கக் கிராமத்தவர் படமொழியை அறியாதவர். ஆதலின் காட்சிகள் மெதுவாக நகரவேண்டும், வெட்டும் ஒட்டும் குறைவாக இருக்கவேண்டும் என்பது அவர்தம் கொள்கை. பார்வையாளரின் அறிவு பற்றிய தாழ்ந்த மதிப்பீடு இக்கொள்கையில் மறைந்துள்ளமையைப் பிற்கால ஆய்வாளர் எடுத்துக் காட்டினர்.

இத்தொடர்பில் இலண்டனைச் சேர்ந்த ஜோன் வில்சன் கூறிய செய்தியொன்று பெரிதும் அறியப்பட்டது. மார்ஷல் மக்லூகன் தம் 1962 ஆம் ஆண்டு நூலிலும் அதனை எடுத்தாண்டுள்ளார். வீட்டைச் சூழத் தேங்கி நிற்கும் நீரை அகற்றும் முறையைச் சுகாதார ஊழியர் ஒருவர் ஐந்து நிமிடப் படமாக எடுத்து ஆபிரிக்கக் கிராமத்தவருக்குக் காட்டினார். படத்தில் எதனைக் கண்டீர் என வினவியபோது, கோழியைக் கண்டோம் என்றனர். படத்திற் கோழி இருப்பது அதனைக் காட்டியவர்களுக்கே தெரியாது. பின்னர் ஒவ்வொரு சட்டகமாகத் தேடியபோது, மூலையொன்றில் ஒரு கணம் கோழி பறந்து மறைவது தெரிந்தது.

படம் பார்க்கத் தெரியாதவர் என்பதற்கு இந்நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டுதல் வழக்கம். அதனை மறுதலையாகவும் நோக்கலாம். யாரோ ஒருவர் மிக மெதுவாகத் தகரப் பேணிகளைப் பொறுக்கி, நீரைக் கவிழ்த்து, குப்பையைப் புதைக்கும் அப்படத்தில் உயிரோட்டத்துடன் அசைந்த பொருள் கோழி ஒன்றே. அவர்தம் முற்றத்தில் நாள்தோறும் திரிவதும் அதுவே. பார்வையாளர் தமக்குரிய ஒன்றைத் தேடிக் கண்டனர். படத்தை ஆக்கியோர் தமக்குரியதை மட்டுமே கண்டனர். பார்வைக் குறை இருபுறமும் இருந்தது என்பதே பொருத்தமான முடிவாகும்.

சுதந்திரத்துடன் 1948 இல் இலங்கையில் அரசாங்கத் திரைப்படப் பிரிவு அமைக்கப்பட்டது. பின்னாளிற் சிங்களத் திரைக்கலையின் முன்னோடியாக விளங்கிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அங்குப் பணிபுரிந்த காலத்தில் உருவாக்கிய படங்களுள் இரண்டு ஈண்டுக் குறிப்பிடத்தக்கன. 1954 இல் வெளிவந்த ஒன்று உலர்வலயத்தில் மலேரியாவை எதிர்த்து நடந்த போரைப் பற்றியது. 1955 இல் வெளிவந்த மற்றையது வீதியில் வாகனம் செலுத்துவோரின் ஒழுங்கைப் பற்றியது. 1934, 1935 ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு சென்ற நாட்டில், உலர்வலயத்து உழவனுக்கு அந்நோயே தொழிலின் தலையாய ஆபத்தாக இருந்தது. 1963 இல் நாடு முழுவதும் 17 நோயாளர் மட்டுமே காணப்பட்டனர்; கண்காணிப்புத் தளர்ந்தபின் அந்நோய் மீண்டும் பெருகியது; 2016 இலேயே இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றுபடுத்தப்பட்டது. இவ்வெற்றியிற் படத்துக்கும் பங்குண்டு. ஆனால் வீடு வீடாக மருந்து தெளித்தவனும், குருதி பரிசோதித்தவனும் இன்றிப் படம் தனித்து ஒன்றையும் சாதித்திராது.

அச்சமும் நகையும்

பார்ப்போரின் கவனத்தைப் பிணிக்கும் வழிகளாக அச்சத்தையும் நகையையும் பிற்காலத்தார் பெரிதும் கையாண்டனர். பிரித்தானியாவில் 1977 இல் ஜோன் மக்கென்சி நெறிப்படுத்திய ‘அபாச்சீஸ்’ என்னும் படம் பண்ணையொன்றில் விளையாடும் சிறுவர் ஒருவர் பின் ஒருவராக மாள்வதைக் காட்டுவது. அவர்களுள் ஒரு சிறுமி பண்ணை நஞ்சை அருந்தி இறக்கின்றாள். அதே ஆண்டில் இருப்புப்பாதை ஆபத்துகளைப் பற்றி ஜோன் கிரிஷ் எடுத்த படமோ பிள்ளைகளை மட்டுமீறி அச்சுறுத்துகின்றது என்னும் எதிர்ப்பினால் 1979 இல் திரும்பப் பெறப்பட்டது. மறுபுறம், 1972 இல் நகைச்சுவை நடிகர் ஜோன் கிளீசும் அந்தனி ஜேயும் பிறரும் இணைந்து தொடங்கிய நிறுவனம், தவறு செய்வோரை நகைப்புக்குரியவராகக் காட்டி அலுவலகப் பயிற்சிப் படங்களை ஆக்கிப் பெயர் பெற்றது.

இருவழிகளுக்கும் எல்லை உண்டு. அச்சம் நெஞ்சில் நிற்கும். ஆனால் செய்யவேண்டியது இன்னதென்னும் தெளிவு அதனுடன் சேராவிடின் பார்வையாளன் அச்சத்தையே தவிர்க்க முயல்வான். ஆபத்தைத் தவிர்க்க முயலான். நகை மனத்தை இளகச் செய்யும். ஆனால் நகைக்கப்படுபவன் எப்போதும் தொழிலாளியாகவே இருப்பின் அதுவும் ஒருவகை அவமதிப்பாக முடியும். மேலதிகாரியின் பேதைமையையும் நகைக்குரியதாக்கிய படங்களே நெடுங்காலம் வரவேற்கப்பட்டன என்பது மனங்கொள்ளத்தக்கது.

தெளிகருவி கூறும் பாடம்

படுவான்கரை வயல்களுக்கு இவ்வரலாறு மிக நெருங்கி வரும் இடம் கிருமிநாசினியாகும். புதிய நெல்லினங்களும் செயற்கை உரமும் பரவிய 1960 களிலும் 1970 களிலும் நஞ்சு வகைகளும் உழவரின் கைக்கு வந்தன. ஜெ. ஜெயரட்ணமும் உடன் பணியாற்றியோரும் 1982 இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் இந்நஞ்சுகளால் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர் என்றும் ஏறத்தாழ 1,000 பேர் உயிரிழந்தனர் என்றும் காட்டியது. அவற்றுட் பெரும்பகுதி தம்முயிரைத் தாமே மாய்க்க முனைந்தோருடையன. எனினும் தொழிலின்போது நஞ்சேறியோரும் அக்கணக்கில் இருந்தனர்.

நஞ்சைப் பாதுகாப்பாகக் கையாளுதல் பற்றிய படங்களும் சுவரொட்டிகளும் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே தோற்றத்தன. தலையிலே தொப்பி, முகத்திலே மூடி, கையிலே உறை, காலிலே நீண்ட சப்பாத்து, முழு உடையணிந்த ஒருவன் பயிரிடையே நடப்பான். நண்பகல் வெயிலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தெளிகருவி சுமக்கும் கூலியாளுக்கு அவன் வேற்றுலகத்தவன். அவ்வுடைக்குப் பணம் கொடுப்பவர் யார், அவ்வெப்பத்தில் அதனை அணிந்து எத்தனை நாழிகை நிற்கலாம் என்னும் வினாக்களுக்குச் சுவரொட்டியில் விடையில்லை. அதேவேளை வயலில் உண்மையாக நிகழும் தவறுகள் பல அப்படங்களிற் காட்டப்படுவதில்லை. தெளிகருவியின் முனை அடைபட்டால் அதனை வாயில் வைத்து ஊதித் திறத்தல், கலக்குந் தடி கிடைக்காதபோது கையினாற் கலக்குதல், காற்று எதிர்த்து வீசும்போதும் வரிசை பிசகாமல் முன்னோக்கி நடத்தல், வெறும் போத்தலைக் கழுவி வீட்டுக்கு எடுத்துச் செல்லுதல், குளிக்கும் வாய்க்காலிலேயே கருவியை அலசுதல் என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் எளிய மாற்று உண்டு. முனையைத் துப்புரவாக்க ஓர் ஈர்க்கும் சிறிது நீரும் போதும். காற்றை முதுகுப்புறம் வைத்து நடப்பதற்குப் பணம் தேவையில்லை. வாங்க இயலாத உடையை அரைமணி நேரம் காட்டும் படத்தைவிட, வாயில் வைத்து ஊதும் அந்த ஒரு கணத்தைக் காட்டும் படம் உழவனை நிமிர்ந்து உட்காரச் செய்யும். அது அவனது கோழியாகும்.

இங்கும் கல்வியின் எல்லையை மறத்தல் ஆகாது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நஞ்சுகளைப் பதிவு செய்யவும் தடுக்கவும் அதிகாரம் வழங்கியது. 1995 இல் மெதாமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ் முதலிய கொடிய நஞ்சுகளும், 1998 இல் எண்டோசல்பானும், 2008 தொடக்கம் 2011 வரை பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் ஆகியனவும் விலக்கப்பட்டன. நஞ்சேற்றத்தால் நேர்ந்த இறப்புகள் இத்தடைகளின் பின் பெரிதும் குறைந்தமையை ஆய்வுகள் நிறுவியுள்ளன. கவனமாக இருங்கள் என்று பல்லாயிரம் முறை கூறுவதினும், கொடிய பொருளைக் கடையிலிருந்து அகற்றுதல் மிகுந்த பயன் தந்தது. ஆபத்தை நீக்குதல் முதலாவது. நீக்கவியலாத ஆபத்துடன் வாழக் கற்பித்தல் அதன் அடுத்தது. இம்முறை மாறின் கல்வி ஏமாற்றாக முடியும்.

மண்ணுள் மறைந்த ஆபத்து

போர்க்காலத்தில் வவுணதீவு இரு தரப்பினரின் ஆட்சிப் பரப்புகளுக்கும் எல்லையாயிற்று. 1997 மார்ச்சில் அங்கிருந்த படைமுகாம் பெருந்தாக்குதலுக்கு உள்ளாகியது. 2007 இற் சண்டை ஓய்ந்து மக்கள் மீளக் குடியமர்ந்தபோது, வயலுக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் செல்லும் வழிகளில் மிதிவெடிகளும் வெடிக்காத குண்டுகளும் எஞ்சியிருந்தன. உழவன், இடையன், விறகு வெட்டுபவன் ஆகியோருக்கு இது தொழிலிட ஆபத்தன்றி வேறன்று.

அக்கால விழிப்பூட்டற் பணியில் வீதி நாடகம் முக்கிய இடம் பெற்றது. வடக்கிலும் கிழக்கிலும் பாடசாலை முற்றங்களிலும் நலன்புரி நிலையங்களிலும் நாடகங்கள் ஆடப்பட்டன. சிவப்புப் பலகையில் மண்டையோட்டுக் குறியைக் கண்டால் நில். அறியாத பொருளைத் தொடாதே. வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பு. பெரியவருக்கு அறிவி என்பன அவற்றின் உள்ளடக்கம். கூற்று மிகச் சிறிது. ஆயினும் பிள்ளைகள் அதனை மனத்திற் பதித்தனர். நடித்தவர் தம் மொழியிற் பேசினர். காட்டப்பட்ட பற்றை தம் ஊர்ப் பற்றை. கால் இழந்தவர் தம் தெருவில் வாழ்ந்தவர். அத்துடன் கண்ணிவெடி அகற்றுவோர் அதே வேளையில் நிலத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்தனர். கற்பித்தலும் ஆபத்தை நீக்கலும் ஒருங்கே நிகழ்ந்தமையால் சொல்லுக்கு மதிப்பு உண்டாயிற்று. 2017 இல் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடிகள் அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

களரியும் பயிற்சியும்

தெரிந்த செய்தியையே மீண்டும் மீண்டும் கூறுவதனாற் பயிற்சிப் படம் சலிப்பூட்டுகின்றது என்பர். இக்கூற்றைச் சோதித்துப் பார்ப்பதற்குப் படுவான்கரையைவிடத் தகுந்த இடம் வேறில்லை. கன்னன்குடா முதலிய ஊர்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வழிவழியாக ஆடப்பட்டு வருகின்றன. அபிமன்யு மாள்வான் என்பதை அறியாதார் எவரும் அக்களரியைச் சுற்றி இருப்பதில்லை. அறிந்தும் விடியும்வரை இருக்கின்றனர். எனவே சலிப்புக்குக் காரணம் செய்தியின் பழைமையன்று.

கூத்துப் பயிலும் முறையும் சிந்தனைக்குரியது. அண்ணாவியார் ஒவ்வொருவரின் குரலையும் உடலையும் நோக்கிப் பாத்திரம் பங்கிட்டுச் சட்டம் கொடுப்பார். மாதக்கணக்காக இரவு தோறும் ஆட்டமும் பாட்டும் பழகப்படும். சதங்கை அணியும் நாள் வரும், அடுக்குப் பார்த்தல் நிகழும், இறுதியிலேயே அரங்கேற்றம். கால் தவறினால் அண்ணாவியாரின் மத்தளம் நிற்கும். மீண்டும் முதலடியிலிருந்து தொடங்கும். வயலில் உழைத்து வந்தோரே ஆடுவோர். அவர்தம் உறவினரே காண்போர். பழகும் இரவுகளிலும் ஊரார் சூழ்ந்திருந்து குறை கூறுவர். எழுத்தறிவு குறைந்தவரும் நூற்றுக்கணக்கான பாடல்களையும் நுண்ணிய தாளக்கட்டுகளையும் பிழையின்றிக் கற்ற இம்முறையை முழுமையான பயிற்சி நெறி என்றே கொள்ளவேண்டும். கற்பவன் செய்கின்றான்; திருத்தப்படுகின்றான்; மீளச் செய்கின்றான்; தன்னை அறிந்தோர் முன்னிலையில் அதனை நிறைவேற்றுகின்றான்.

1960 களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, இரவு முழுதும் ஆடப்பட்டதைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கினார். சுருக்கத்திலும் ஆட்டத்தின் உயிர் கெடாமற் காக்கப்பட்டமையே அம்முயற்சியின் சிறப்பு. பின்னர் 2000 களிற் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கத்தில் ஊரவரே கூடிப் பழைய கூத்தின் கருத்துகளை விவாதித்து மாற்றினர். பிரேசில் நாட்டு நாடகாசிரியர் ஒகஸ்தோ போவால், ஒடுக்கப்பட்டோர் அரங்கு பற்றிய தம் நூலை 1974 இல் வெளியிட்டு, பார்வையாளன் நாடகத்தை நிறுத்தித் தானே மேடையேறி முடிவை மாற்றும் முறையை உலகறியச் செய்தார். இவை யாவும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. பார்ப்பவன் பங்காளியாகும்போது பாடம் உயிர் பெறுகின்றது.

ஆய்வுகளின் கூற்று

இவ்வுண்மையை அண்மைக்கால ஆய்வுகளும் உறுதிப்படுத்துகின்றன. 1971 முதல் 2003 வரை வெளிவந்த 95 ஆய்வுகளை ஒப்புநோக்கி மைக்கேல் பேர்க் குழுவினர் 2006 இல் வெளியிட்ட கட்டுரை, தொழிற்காப்புப் பயிற்சி முறைகளை மூவகைப்படுத்தியது. விரிவுரை, ஒளிநாடா, துண்டுப்பிரசுரம் என்பன கற்போரை மிகக் குறைவாக ஈடுபடுத்துவன. செய்து காட்டலும் செய்து பழகலும் உரையாடலும் மிகுதியாக ஈடுபடுத்துவன. பின்னையவை அறிவையும் திறனையும் வளர்ப்பதில் முன்னையவற்றைவிட ஏறத்தாழ மும்மடங்கு பயனுடையன என அது கண்டது. ஆயின் 2012 இல் லின்டா ரொப்சன் குழுவினர் நிகழ்த்திய மறுநோக்கு, பயிற்சி தொழிலாளரின் நடத்தையை மாற்றுகின்றது என்பதற்கு வலுவான சான்றும், காயங்களையும் நோய்களையும் பயிற்சி மட்டுமே குறைக்கின்றது என்பதற்குப் போதாச் சான்றுமே உண்டெனக் கூறியது. இரண்டும் முரண்பட்டனவல்ல. முன்னது எவ்வாறு கற்பிக்கவேண்டும் என்பதையும், பின்னது கற்பித்தலுடன் நின்றுவிடலாகாது என்பதையும் உணர்த்துகின்றன.

படம் பயனற்றது என்பது இதன் பொருளன்று. இந்தியாவிற் கர்நாடகக் கிராமங்களில் இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் டிஜிற்றல் கிறீன் என்னும் முயற்சி, உழவர் தம் வயலிற் செய்வதைக் குறுங் காணொளிகளாக எடுத்து அயலூர் உழவருக்குக் காட்டியது. உள்ளூர் ஒருவர் இடையிடையே படத்தை நிறுத்தி வினாவெழுப்புவார். 16 கிராமங்களில் 13 மாதங்கள் நடந்த சோதனையில், வழக்கமான விரிவாக்கப் பணியினும் ஆறு ஏழு மடங்கு மிகுதியாகப் புதிய முறைகள் கைக்கொள்ளப்பட்டன. படத்தில் தோன்றுபவரின் பெயர் யாது, ஊர் எது என்பதே பார்வையாளர் கேட்ட முதல் வினா. 1967 இல் கனடாவின் போகோ தீவிற் கிராமத்தவரின் பேச்சைப் படமாக்கி அவர்களுக்கே காட்டிய முயற்சியும் இதே நெறியில் அமைந்ததாகும்.

முடிவுரை

வரலாறு தரும் படிப்பினைகள் சிலவற்றை இங்குத் தொகுத்துக் கூறலாம். பயிற்சிப் படம் சலிப்பூட்டுதற்கு முதற்காரணம், அது பார்வையாளனுக்காக அன்றிக் கையொப்பத்துக்காக எடுக்கப்படுதல். இரண்டாவது காரணம், குற்றம் முழுவதையும் அவன் தலையிற் சுமத்துதல். மூன்றாவது காரணம், அவனுடைய இடமும் கருவியும் மொழியும் திரையில் இல்லாமை. நான்காவது காரணம், படம் முடிந்தபின் அவனுக்குப் பேச வாய்ப்பின்மை. இசையும் வண்ணமும் நடிகரும் இக்குறைகளை மறைக்கலாமேயன்றி நீக்கமாட்டா.

இன்று படுவான்கரை இளைஞர் ஒவ்வொருவர் கையிலும் படமெடுக்கும் கருவி உண்டு. வவுணதீவு வயலொன்றில், அடைபட்ட முனையை ஈர்க்கினால் துப்புரவாக்கும் ஒரு கூலியாளின் மூன்று நிமிடக் காணொளி, கமக்காரர் அமைப்பின் கூட்டத்திற் காட்டப்பட்டு நடுவே நிறுத்தப்படுமாயின், அங்கு எழும் வாதம் எந்த விரிவுரையாலும் எழாதது. கையுறைக்கு யார் பணம் தருவது என்னும் வினாவும் அவ்வாதத்தில் எழும், எழவேண்டும். அவ்வினாவை எழவிடாத படம் எத்துணைச் சுவையுடையதாயினும் பயனற்றது. எழவிடும் படம் அழகிற் குறைந்ததாயினும் உறக்கத்தைக் கலைக்கும். கூத்துக்களரியில் விடியும்வரை விழித்திருக்கும் மக்கள் பயிற்சிப் படத்தின் பத்தாம் நிமிடத்தில் உறங்குவராயின், குறை அவர்தம் கண்களில் இல்லை. தம்மைக் காணாத திரையையே அவர்கள் காண மறுக்கின்றனர்.